கடைசித் தெருவுக்கு எட்டுகிற மருந்து

மண்டபம்,
ஆனி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்து கோணல்மாணலாகக் கிடந்ததைப் பார்த்தே பல்வலி எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். "ரூட் கேனாலாம், ஒரு பல்லுக்கு மூணு தடவை வரச் சொல்றாங்க, பேசாமப் பிடுங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். பிடுங்காதே. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் ஊர்ச் செய்தி.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. ரெண்டு மாதம் செத்துக் கிடந்த மார்க்கெட்டில் மறுபடியும் கூச்சல். கச்சான் காற்று பிடித்துவிட்டது. மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் நின்றுபோன ராமேஸ்வரம் ரயில், புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஓடுகிறது. பார்க்க வருகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய்.

சரி, பல்லுக்கு வருவோம். உன் தங்கச்சிக்கும் இதே பாடுதான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு முன்பு ஓரிடத்தில் ரூட் கேனால், அதாவது பல்வேருக்குள் சுத்தம் பண்ணி அடைக்கிற வைத்தியம், செய்தோம். உட்கார வைத்து எழுப்பியது தெரியாத வேகத்தில் முடித்து, கேப்பும் போட்டு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலம் சும்மா இருந்தது. இந்தத் தையில் தாடை வீங்கி, ஈறில் சீழ்க் கட்டி வந்து நின்றது. அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். பழையதை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும் என்றார். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "குடிநீர் வேலையில் இருந்தேன், குளோரின் எல்லாம் பழக்கம்தான்" என்று சொன்னதும் சிரித்துவிட்டு, மாஸ்க் கொடுத்து நிற்க வைத்துக்கொண்டார்.

பல்லைத் திறந்து கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஒரு வாசம். உனக்கும் எனக்கும் முப்பது வருடம் சோறு போட்ட வாசம்! சிரிஞ்சில் இருந்தது சோடியம் ஹைப்போகுளோரைட். நாம் தொட்டியில் கரைத்துக் கொட்டிய பிளீச்சிங் பவுடருக்குத் தம்பி முறை. அளவைக் கேட்டேன், 3 சதவீதம் என்றார். கணக்குப் போட்டுப் பார். லிட்டருக்கு 30,000 மில்லிகிராம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் போதும் என்று, குளோரின் பட்டால் மஞ்சளாகிற ஆர்த்தோ டொலிடின் சொட்டு விட்டு நிறம் பார்த்தவர்கள் நாம். அதைப் போல ஒன்றரை லட்சம் மடங்கு! டாக்டர்களில் 0.5 சதவீதம் வைப்பவர்களும் உண்டு, 5 சதவீதத்துக்கு மேல் போகிறவர்களும் உண்டாம்.

அந்த 0.5 சதவீதத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் குண்டுக் காயங்கள் அழுகிச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1915-ல் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியல்காரர் இந்தக் கரைசலைப் பக்குவப்படுத்தினார். அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதை வைத்துக் காயங்களைக் கழுவினார். காயத்துக்கு வந்த மருந்து பிறகு பல்லுக்குள்ளும் போனது. கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் கரைத்துவிடும் என்பதால் இன்று வரை அதற்குச் சரியான மாற்று வரவில்லை.

மாப்பிள்ளை, ரூட் கேனால் என்றால் ஊசி மாதிரி ஒரு பைலை விட்டு வேரைச் சுரண்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுரண்டுவது வழி பண்ணுவதற்குத்தான். குணமாக்குவது கழுவல். வேருக்குள் இருக்கிற குழாய் உருண்டையாக, நேராக இருந்தால் பைல் எல்லா இடமும் தொடும். அது அப்படி இல்லை. சில இடத்தில் பட்டையாக இருக்கிறது, வளைகிறது, கிளை விடுகிறது, ரெண்டு குழாய்க்கு நடுவே சந்து மாதிரி ஒரு இணைப்பு ஓடுகிறது. எவ்வளவு நல்ல பைலாக இருந்தாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமலே விட்டுவிடுகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவர் முழுக்க மைக்ரான் கணக்கில் நுண்துளைகள் வேறு. கிருமி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பைல் போகாத அந்த இடங்களுக்குத் தண்ணியாக இருக்கிற மருந்துதான் போக வேண்டும்.

இங்கேதான் நம் தொழில் ஞாபகம் வந்தது. பல் ஏறக்குறைய ரெண்டு சென்டிமீட்டர் நீளம். வேர் நுனியில் குழாயின் அகலம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நம் ஊரில் கடைசித் தெருவுக்கு குளோரின் ஏன் எட்டாது? வழியில் இருக்கிற அழுக்கே அதைத் தின்றுவிடும். அதே கதைதான் பல்லிலும்: உள்ளே கிடக்கிற செத்த சதை ஹைப்போகுளோரைட்டைத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் ஒருமுறை ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் சத்து போய்விடும். ஒவ்வொரு பைலுக்கும் நடுவில் புதுசு புதுசாக விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொன்று கேள், உனக்குப் பிடிக்கும்: ஏர் லாக்! வேர் நுனி மூடின முனை மாதிரி இருப்பதால் அங்கே காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு மருந்தைக் கிட்டே விடாது. ஏர் வால்வு வைக்க அங்கே இடமா இருக்கிறது? டாக்டரம்மா, வேரை அடைக்க வைத்திருக்கிற ரப்பர் மாதிரியான மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டினார். பிறகு அல்ட்ராசோனிக் முனையை வைத்து ஒரு அதிர்வு கொடுத்தார். உள்ளிருந்து கலங்கலாக நுரைத்து வந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி ஆட்டினார். தெளிவாக வருகிற வரை விடவில்லை.

ஊசியையும் கவனித்தேன். நுனி அடைத்திருக்கிறது, பக்கவாட்டில்தான் துளை. வேர் நுனிக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, சுவரில் இறுகாமல் ஆட்டி ஆட்டி மெதுவாக அழுத்தினார். இந்த மருந்து வேர் நுனியைத் தாண்டி வெளியே போனால் அந்த நிமிடமே உயிர் போகிற வலி, முகம் வீங்கி ரத்தம் கட்டிவிடும். எப்போதாவதுதான் நடக்கும், நடந்தால் மறக்க முடியாது என்றார். அவர் கோட்டுக் கையில் சாயம் போன சின்னச் சின்னப் புள்ளிகள். வாய்க்குள் சொட்டாமல் இருக்கத்தான் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறார்கள். எச்சிலில் இருக்கிற கிருமி பல்லுக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான். 1864-லிருந்து இருக்கிற சாமான். இருந்தும் எத்தனையோ இடத்தில் போடுவதில்லை. முன்பு செய்த இடத்தில் உன் தங்கச்சிக்கும் போடவில்லை.

ஹைப்போகுளோரைட் சதையைக் கரைக்கும், பல் தூளைக் கரைக்காது. பைல் சுரண்டும்போது சுவரில் ஒரு பசைப் படலம் பூசிக்கொண்டு நுண்துளைகளை அடைத்துவிடும். அதை எடுக்க வேறொரு மருந்து வைத்திருந்தார். பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். ஈடிடிஏ! உப்புத் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க நீ லேப்பில் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாயே, அதேதான். அங்கே தண்ணீரில் இருக்கிற கால்சியத்தைப் பிடிக்கிறது, இங்கே படலத்தில் இருக்கிற கால்சியத்தை. 17 சதவீதம், ஒரு நிமிடம் போதும். ரொம்ப நேரம் வைத்தால் பல்லையே அரித்துவிடும். ரெண்டையும் கலக்கக் கூடாது, கலந்தால் குளோரினுக்குச் சத்து இல்லை. குளோர்ஹெக்சிடின் என்று இன்னொரு கிருமிநாசினி இருக்கிறது. அது ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் செங்காவியாக ஒரு வண்டல் விழுந்து துளைகளை அடைத்துவிடுமாம். நடுவில் சலைன் விட்டுக் கழுவுவது அதற்குத்தான்.

உன் தங்கச்சி பல்லில் திரும்ப வந்த கிருமி என்னவாக இருக்கும் என்று கேட்டேன். டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை, ஆனால் இப்படித் திரும்பி வருகிற பற்களில் அடிக்கடி மாட்டுகிற பேர் எண்டரோகாக்கஸ் பீக்காலிஸ் என்றார். சாக்கடை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் தேடுகிற அதே கூட்டம்! சாப்பாடு இல்லாமலும் கிடக்கும், காரத்தையும் தாங்கும்.

காரம் என்றதும் சுண்ணாம்பு. ஒரு தடவையில் முடிக்காமல் அனுப்பும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்புதான், பிஎச் 12-க்கு மேல். ஹெர்மன் என்பவர் 1920-ல் கொண்டுவந்தது. இதைக் கேட்டதும் உன் தங்கச்சி, "வெத்தலைச் சுண்ணாம்பை நானே வச்சிருப்பேனே" என்றாள். டாக்டரம்மா பயந்து போய், "அம்மா, தயவுசெய்து வேண்டாம், வாய் வெந்துடும்" என்றார். நீயும் எதையாவது வைத்துத் தொலைக்காதே. கிராம்பு, மண்ணெண்ணெய், ஒன்றும் வேண்டாம்.

மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமே என்று நீ எழுதியிருப்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. பல் செத்துவிட்டால் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை எதில் ஏறி அங்கே போகும்? வீக்கம் வாடும், காய்ச்சல் இறங்கும், மூலகாரணம் அப்படியே இருக்கும். 1965-ல் அமெரிக்காவில் எலிகளின் பல்லைத் துளைத்துப் பார்த்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, துளைக்குள் சாப்பாட்டுத் துணுக்கு போயும்கூடப் பல்லின் உயிர்ச்சதை சாகவில்லை, தானே ஆறியது. சாதாரண எலிகளுக்கு அழுகிச் சீழ் வைத்தது. ஓட்டை விழுந்ததால் மட்டும் வருகிற கேடு இல்லை, கிருமியால் வருவது என்று அதோடு முடிவாகிவிட்டது.

அதனால் மூன்று தடவையா ஒரு தடவையா என்று சண்டை போடாதே. நன்றாகக் கழுவியிருந்தால் ஒரே நாளில் முடித்தாலும் குறை இல்லை என்றுதான் டாக்டரம்மாவே சொன்னார். சீழ் வடிந்துகொண்டிருந்தால் சுண்ணாம்பு வைத்து அனுப்பி, பிறகு அடைப்பது அவர் வழக்கம். நீ கேட்க வேண்டியது வேறு: ரப்பர் ஷீட் போடுவீர்களா, எதை விட்டுக் கழுவுவீர்கள், எவ்வளவு நேரம்? நம் வெயிலுக்கு இந்த மருந்து சீக்கிரம் செத்துவிடும், வெளிச்சமும் ஆகாது. ஜன்னலோரம் வெயிலில் பாட்டிலைப் பார்த்தால் கேட்டுவிடு. உன் கோயம்புத்தூர் குளுகுளு என்று நினைக்காதே, மே மாதம் அங்கேயும் காயத்தான் செய்கிறது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டராக இருந்தால் வேறு ஆளைப் பார்.

உன் தங்கச்சிக்குச் சுண்ணாம்பு வைத்து அனுப்பினார்கள். வீக்கம் வடிந்து, ஈறில் இருந்த ஓட்டை மூடிய பிறகுதான் உள்ளே அடைத்தார்கள். போன வாரம் கேப் போட்டாயிற்று. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் இன்னும் ஒரு கறுப்பு நிழல் இருக்கிறது. எலும்பு வளர்ந்து அது மறைய மாதக்கணக்கில் ஆகும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். இப்போதைக்கு வலது பக்கம் கடிக்கச் சொன்னால் இன்னமும் தயங்குகிறாள். பழக்கம்தான்.

செலவு உன் ஊரில் எவ்வளவு சொல்கிறார்கள் என்று எழுது. பிடுங்குவது அதைவிட மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துப் பல் சாய, எதிர்ப் பல் இறங்க, பிறகு பிரிட்ஜ் கட்ட என்று நீளும். நம் வயதில், இருக்கிற பல் எதையும் இழக்கிற நிலைமையில் நாம் இல்லை.

பெரியவனுக்குப் பெண் பார்க்கிற சேதி என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் முழுக்கப் பல்லையே எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் அதை எழுது. தங்கச்சி வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை