கயலுக்கு: கூடாரத்தில் பிறந்தவர்களைத் தேடும்போது

அன்புள்ள கயல்,

மாப்பிள்ளையின் பாட்டி வழியில், இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சுற்றிவந்த ரோமானி ஜிப்சி மக்களின் வேர் இருக்கிறது, குட்டிக்காக அதைத் தேட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம் அம்மா, விட்டுவிடாதே. ஆனால் நம் வீட்டு வம்சாவளியைப் போல ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. அவர்கள் எந்த மாதம் எங்கே இருந்தார்கள் என்று தேடு.

செப்டம்பரில் கென்ட்டில் பீருக்கான ஹாப்ஸ் பறிப்பு, ஜூன் வாக்கில் எப்சம் குதிரைப் பந்தயம், குளிருக்கு லண்டனில் பாட்டர்சீ, வாண்ட்ஸ்வொர்த், நாட்டிங் டேல் பக்கம் வண்டியை நிறுத்துவது என்று தென்கிழக்கில் பல குடும்பங்களுக்கு ஆண்டு சுற்றி வந்தது. அதனால் ஒரு தாய் பிள்ளைகள் நான்கு பேருக்கு நான்கு ஊரில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை நடந்ததும் உண்டு. ஊரையும் மாதத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வா. ஒரு தடம் தெரியவரும். பிறகு அந்தத் தடத்திலுள்ள தேவாலயப் பதிவேடுகளைப் பார். 'நாடோடி' என்றோ 'எகிப்தியர்' என்றோ (ஜிப்சிகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள்) ஓரத்தில் எழுதியிருக்கக்கூடும்.

சென்சஸில் பெயரைத் தட்டித் தேடி ஏமாறாதே. 1841இல் கூடாரத்திலும் களஞ்சியத்திலும் தூங்கியவர்களைப் பல இடங்களில் பெயரில்லாமல் தலைக்கணக்காக மட்டும் எழுதினார்கள். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வீடுகளை எழுதி முடித்த பிறகு, பகுதியின் கடைசிப் பக்கங்களில் அவர்களைச் சேர்த்திருப்பார்கள். அந்தப் பக்கங்களின் படங்களை நீயே வாசி. 1931 கணக்கெடுப்பு தீயில் போயிற்று, 1941இல் எடுக்கவேயில்லை. நடுவில், போர் தொடங்கியபோது மக்களைக் கணக்கெடுத்த 1939 பதிவேடுதான் துணை.

பெயர்தான் பெரிய தலைவலி. ஸ்மித், லீ, கூப்பர் என்பதெல்லாம் இங்கிலாந்து முழுக்க இருக்கிறது. அதை வைத்து ரோமானி என்று முடிவு கட்டிவிடாதே. ஹெரன், ஹெர்ன், ஹியர்ன் என்று காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். தாயின் குடும்பப் பெயரோடு திரிந்தவர்களும் உண்டு. முதற்பெயர் அதைவிடப் பயன்படும்: சின்ஃபி, ட்ரெனிட், பிரிட்டானியா போன்ற பெயர் கண்ணில் பட்டால் நின்று பார். கூடை முடைதல், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், சாணை பிடித்தல், குதிரை வியாபாரம் என்ற தொழிலும் அதோடு சேர்ந்தால் நம்பிக்கை கூடும்.

பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. ஆனால் 1875க்கு முன் பலர் பதியாமலே விட்டார்கள். அரசுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் கன்னிக்காலப் பெயரும் இருக்கிறது, அதை வைத்து உடன்பிறந்தவர்களைச் சேர்.

அதிகம் கிடைப்பது கவுன்டி ஆவணக் காப்பகத்தில். உதவி கேட்ட ஏழைக்கு எந்தத் திருச்சபை வட்டாரம் பொறுப்பு என்று நீதிபதிகள் விசாரித்து எழுதிய 'செட்டில்மென்ட் எக்ஸாமினேஷன்' தாள்களைக் கேள். பிறந்த ஊர், மணம் முடித்த இடம், பிள்ளைகளின் வயது எல்லாம் ஒரே தாளில் கிடைக்கக்கூடும். 1871 சட்டத்துக்குப் பின் கால்நடையாகச் சுற்றி விற்றவர்கள் போலீசிடம் ஆண்டுதோறும் சான்றிதழ் வாங்கினார்கள். அந்தப் பதிவேடு எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் பார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில், ஜிப்சிகளின் மொழியையும் வழக்கங்களையும் ஆராய்ந்த ஜிப்சி லோர் சொசைட்டியின் தொகுப்பில் வம்சாவளிக் குறிப்புகள் இருக்கின்றன. பதிவேட்டோடு ஒப்பிடாமல் அவற்றை ஏற்காதே. 1994இல் தொடங்கிய ரோமானி அண்ட் டிராவலர் ஃபேமிலி ஹிஸ்டரி சொசைட்டி என்ற வம்சாவளிச் சங்கத்தில் சேர்ந்துகொள். அயர்லாந்து வழிவந்த நாடோடிகளான ஐரிஷ் டிராவலர்கள் வேறு இனம், அவர்கள் தடத்தோடு குழப்பிக்கொள்ளாதே.

ரோமானிகள் தண்ணீரைப் 'பானி' என்றும் மூக்கை 'நக்' என்றும் சொல்வது உனக்குத் தெரிந்த இந்தியோடு ஒட்டும். அவர்கள் மொழி வட இந்தியாவிலிருந்து போனது. நம்மூர் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான், ஆனாலும் அதை வைத்து இருவரையும் சொந்தமாக்கிவிடாதே.

இதற்கெல்லாம் முன்னால் பாட்டியிடம் உட்கார். 'ஜிப்சி' என்ற சொல்லை நீ முதலில் எடுக்காதே. அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே சொல். 1554 சட்டப்படி 'எகிப்தியர்' நாட்டில் தங்கினாலே மரண தண்டனை வரை போகலாம். 1783இல்தான் இத்தகைய சட்டங்களை நீக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னும் விரட்டல் நிற்கவில்லை, அதனால் பல வீடுகளில் வாய் திறக்கமாட்டார்கள். சின்ன வயதில் எந்தத் தோட்டத்தில் ஹாப்ஸ் பறித்தார், அத்தை மாமாக்களை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் கேள். பட்டப்பெயர்களையும் அப்படியே எழுதி எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா