செடி கட்ட நார்

சோழவந்தான்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. உன் அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும் அம்மா அப்போதே பிள்ளையாருக்கு விளக்குப் போட்டுவிட்டாள். சின்னவனுக்கு வேலை கிடைத்ததும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, நடவு நடக்கிறது.

மாடித் தோட்டத்துத் தக்காளியைக் குச்சியோடு கட்ட பிளாஸ்டிக் கயிறு வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டாம் கலா. அப்படிக் கட்டிய ஒரு தக்காளியைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். தண்டு பருக்கப் பருக்கக் கயிறு உள்ளே இறங்கி, கட்டுக்கு மேலே புடைத்துப் போயிருந்தது. இலையில் ஆகிற உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். பட்டை நெரிந்தால் அது மேலேயே தேங்கிவிடும். செடி பார்க்கப் பச்சையாக நிற்கும், வேர் பட்டினி கிடக்கும்.

நார் கட்டுகிற அழகை எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் பார்க்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை, ஆனால் கட்டுவது அதே வாழை நார்தான். கொடியை அகத்தியில் ஏற்றி, சாணுக்கு ஒரு கட்டு. கட்டுகிறவர் நனைத்த நாரை இடுப்பில் செருகியிருப்பார். காய்ந்த நார் முறியும், நனைந்தது வளையும். ஒன்றை உருவி, கொடியையும் அகத்தியையும் சேர்த்துத் தளர்வாக ஒரு சுற்று, ஒரு அரை முடிச்சு, அவ்வளவுதான். கை அடுத்த கணுவுக்குப் போய்விடும். பதினைந்து இருபது நாளுக்கொருமுறை, கொடி வளர்ந்த அளவுக்கு அடுத்த கட்டு. அதற்குள் கணுவில் வேர் விட்டு அகத்தியைத் தானே பிடித்துக்கொள்ளும். வருஷம் கழித்து, பத்தடி ஏறிய கொடியை இறக்கி மண்ணில் பதிக்கும்போது கத்தி தேட வேண்டியதில்லை. இழுத்தால் நார் அறுந்து வரும், விழுந்த இடத்திலேயே மக்கும்.

செடி ஒடிவதற்கு முன்னால் கட்டு அறுந்துவிட வேண்டும். எனக்கு நாரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

தக்காளிக்கு வாழை நாரோ சணலோ எடு. ஒரு பருவம் தாங்கும், அதற்கு மேல் அந்தச் செடிக்கே வேலையில்லை. முதலில் குச்சியில் இறுக்கிக் கட்டு. பிறகு நடுவில் ஒரு குறுக்கு விட்டு, எட்டு போட்ட மாதிரி தண்டைச் சுற்றிக்கொண்டு வா. தண்டைச் சுற்றிய வளையத்துக்குள் உன் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். பாகல், புடலைக்குப் பந்தல் போட்டால் மட்டும் தேங்காய் நார்க் கயிறு. கடையில் கொச்சக்கயிறு என்று கேள். அதில் நாருக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் அதிகம், மழைக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் இற்றுப்போகாது. சொரசொரப்பாக இருப்பதால் கொடி பிடித்து ஏறுகிற சுருள் இழையான பற்றுக்கம்பியும் நன்றாகச் சுற்றிக்கொள்ளும். நைலானில் வழுக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் கொடியைக் கயிற்றோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். கயிறு மக்க நாளாகும், ஆனாலும் பிரித்தெடுக்கிற பாடு இல்லை.

அடுத்த மாதம் உங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வரும்போது ஒரு கட்டு நார் கொண்டு வருகிறேன். அதுவரை பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டு, பருத்தி என்பதால் தண்டை அறுக்காது. பாகல் விதை ஊன்றியாயிற்றா? பந்தல் மாடியில் எந்தப் பக்கம் போடப் போகிறாய் என்று எழுது. கயிறு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அதையும் இங்கேயே வாங்கி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மீனா