பாம்பன் பாலமும் நம் கசெட் தகடுகளும்: 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாதிரி ரயில் ஆர்வலர்களான உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையான நம் சங்கத்தின் வேலைகளை இங்கே வாசிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு கூடினோம். மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு முழுக்க நம் மேசையில் இருந்தது பழைய பாம்பன் பாலம்தான். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. 1914 பிப்ரவரி 24 முதல் ரயிலைத் தாங்கிய பழைய பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பிறகு ரயில் ஓடவில்லை. நாம் பார்த்து வளர்ந்த அந்தப் பாலத்தை, 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக) செய்வது என்று ஏப்ரல் கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம். முழுப் பாலத்தையும் செய்தால் 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம் நம் கணக்கில் ஏறக்குறைய 24 மீட்டர் வரும். அதற்கு இடம் கிடையாது. அதனால் கப்பலுக்கு வழிவிட மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி, அதன் இரு பக்கமும் 40 அடிக் கர்டர்கள் (தூணுக்குத் தூண் போடும் இரும்பு உத்தரங்கள்) மும்மூன்று, அவ்வளவுதான். ஒரு கர்டர் நமக்கு 140 மில்லிமீட்டர்.

வரைபடம் கையில் இல்லாமல் அளவு எடுத்ததே பெரிய வேலை. சாலைப் பாலத்தில் நின்றால் ரயில் பாலம் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். உறுப்பினர்கள் பல ஆண்டுகளாக அங்கிருந்து எடுத்த புகைப்படங்களைத் திரட்டினோம். பாலத்தின்மேல் ரயில் நிற்கும் படங்கள்தான் கைகொடுத்தன. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் அகலப்பாதை ரயில் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர் என்பது தெரிந்த அளவு. அதையே அளவுகோலாக வைத்துத் தூண், தகடு, குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் கணக்கிட்டோம். ஒரே பாகத்தை மூன்று படங்களில் அளந்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தாளில் எழுதினோம்.

இனி சின்னப் பாகங்களுக்கு வருகிறேன். இந்த அறிக்கையில் நான் அதிகம் பேச விரும்புவது அவற்றைப் பற்றித்தான்.

ஜூன் கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. கசெட் தகடு (சட்டங்கள் கூடும் இடத்தில் அவற்றைப் பிணைக்கும் தகடு), லேசிங் பட்டை, ரிவெட் (இரும்பை இணைக்கும் குமிழ்த்தலை ஆணி) வரிசை எல்லாவற்றையும் முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாமே என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தூண்களையும் ஸ்லீப்பர்களையும் அப்படி எடுப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. இரும்புப் பாகங்களைக் கையால் செய்யலாம் என்றே பெரும்பான்மை முடிவு செய்தது. அது சரியான முடிவு என்று இப்போதும் நம்புகிறேன்.

லேசிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு மெல்லிய சேனல்களை (‘ப’ வடிவச் சட்டங்களை) எதிரெதிரே நிறுத்தி, இடையில் சாய்வாகப் பட்டைகளை மாற்றி மாற்றி அடித்திருப்பார்கள். பார்ப்பதற்குக் கோலம் போட்டதுபோல இருக்கும். நம்மில் பலர் அதை அழகுக்காக வைத்தது என்றே நினைத்திருந்தோம். ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர், நாங்கள் ஒட்டி வைத்திருந்த இரண்டு வெறும் சேனல்களைக் கையில் வாங்கி, இரு நுனியிலும் லேசாக அழுத்தினார். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வளைந்தன. பட்டை ஒட்டிய துண்டை அதேபோல அழுத்தினார். அசையவில்லை. பட்டையின் சாய்வு 40 முதல் 70 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதற்கும் அன்றைக்கே காரணம் புரிந்தது. அச்சில் எடுத்திருந்தால் அந்தத் துண்டு நம் கைக்கு வந்திருக்காது.

செய்முறையையும் பதிவு செய்கிறேன், அடுத்த அணிக்கு உதவும். கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளில் முக்கால் மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் நறுக்கினோம். அட்டையில் 60 டிகிரிக் கோடுகள் போட்டு, இரு ஓரமும் சட்டம் ஒட்டி ஒரு ஜிக் (பட்டைகளை ஒரே சாய்வில் அடுக்க உதவும் பிடிப்பலகை) தயாரித்தோம். முதல் அடுக்குப் பட்டைகள் வலப்பக்கம் சாயும், அடுத்த அடுக்கு இடப்பக்கம். நீளமாக ஏணிபோல ஒட்டிவிட்டு, அப்புறம் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொண்டோம். பசைக் கரைப்பானைத் தூரிகை நுனியில் ஒரு துளி தொட்டால் போதும், இணைப்புக்குள் அதுவே ஓடிவிடும். முதல் கர்டரில் தாராளமாகத் தடவியதால் தகடு மூன்று நாளில் அலைபோல நெளிந்துவிட்டது. அதை முழுக்கக் கழித்தோம். பட்டை அடுக்கும் வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டவர் நகைப் பட்டறையில் இருந்து வரும் நம் உறுப்பினர். சாமணம் பிடிப்பதில் அவர் கைக்கு ஈடு இங்கே யாரும் இல்லை.

ரிவெட்டுக்குத்தான் அதிக நாள் ஆனது. நிஜப் பாலத்தில் மூன்று நான்கு அங்குல இடைவெளி என்றால் நமக்கு ஒரு மில்லிமீட்டர். ஊசியால் பின்பக்கம் குத்திப் பார்த்தோம், வரிசை கோணியது. பழைய அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்றைக் கைப்பிடியில் பொருத்தி, ஸ்கேல் ஓரமாக உருட்டியபோது வரிசை நேராக வந்தது. கசெட் தகட்டின் மூலைகளில் மட்டும் மழுங்கிய ஊசி. ஒரு கசெட்டில் எத்தனை ரிவெட் என்று புகைப்படத்தில் எண்ணி எண்ணியே, எந்தச் சட்டத்தில் விசை கூடுதலாக வருகிறது என்பதைப் பள்ளி மாணவர்கள் தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். செயலாளராக எனக்கு இந்த ஆண்டில் மிகவும் மகிழ்ச்சி தந்த நாள் அது.

தூக்குப் பகுதியின் வளைவுப் பாகம் நம்மை இரண்டு மாதம் நிறுத்தியது. ஷெர்சர் அமைப்பில் பாலத்தின் கை, அதாவது இரண்டாகப் பிரிந்து எழும் பகுதிகளில் ஒன்று, ஓர் அச்சில் சுழல்வதில்லை. தொட்டில் அடிபோன்ற வளைவின்மேல் பின்னோக்கி உருண்டுகொண்டே எழும். இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும் கை முறுக்கிக்கொள்ளும். நமக்கு அதுதான் நடந்தது. இரண்டு வளைவுகளையும் சிறு ஆணியால் ஒன்றாகப் பிணைத்து, ஒரே பிடியில் அரம் போட்டு, விளிம்பில் பித்தளைப் பட்டையைச் சுற்றிய பிறகே சரியானது. எதிர் எடைக்குத் தூண்டில் ஈயக்குண்டுகள். ஜனவரி கூட்டத்தில் பாலத்தின் ஒரு கை, விரல் நுனி பட்டதும் எழுந்தது. பாம்பனில் பணியாளர்கள் கையாலேயே அத்தனை டன் இரும்பை எழுப்பியது எப்படி என்பது அந்த நொடியில் எல்லோருக்கும் விளங்கியது.

1964 டிசம்பர் புயலில் கர்டர்களில் பெரும்பகுதி கடலில் போனபோதும் இந்தத் தூக்குப் பகுதி நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சீரானது. கடலில் இருந்து மீட்ட கர்டர்களும் அதில் பயன்பட்டன. நம் மாதிரியில் தூக்குப் பகுதியைத் தாங்கும் தூண்களுக்குக் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீதமுள்ளவை: தூக்குப் பகுதியின் இரண்டாவது கை, ஆறு கர்டர்களில் நான்கு, நடைபாதைக் கைப்பிடி, வண்ணம். அலுமினியப் பூச்சின்மேல் துரு காட்ட வேண்டும். உப்புக்காற்றுத் துரு கடல்நீரை ஒட்டிய கீழ்ப்பகுதியில்தான் அதிகம், எல்லா இடத்திலும் ஒரேபோலப் பூச வேண்டாம். ஜூலைக் கூட்டத்தில் பழைய கர்டர் படங்களை வைத்து இதற்கெனத் தனிப் பயிற்சி நடத்தலாம்.

ஸ்டைரீன் தாள் வாங்கித் தந்தவர்களுக்கும், மாடி அறையை வாடகையின்றிக் கொடுத்த உறுப்பினர் குடும்பத்துக்கும், கூடிய ஒவ்வொரு ஞாயிறும் தேநீர் கொடுத்த அவர் துணைவியாருக்கும் சங்கத்தின் நன்றி. ஜிக்குகள் மூன்றும் அலமாரியின் இரண்டாம் தட்டில் பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன. எடுப்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்