சாளைக் குஞ்சைக் கரையிலேயே அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாளை விலை ஏறிப்போனது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். விலையைப் பற்றி எழுதினீர்கள், சரி. மீனின் அளவைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்.

போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு கிலோ சாளை வாங்கினேன். வீட்டில் ஆய உட்கார்ந்தால், பாதிக்கு மேல் என் நடுவிரல் நீளம்கூட இல்லை. தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டால் சட்டிக்கு என்ன மிஞ்சும்? ஒன்றில்கூடச் சினை இல்லை. மறுபடி போனபோது மீன்காரப் பெண்ணிடம் கேட்டேன். "பெருசு எங்கக்கா வருது, இதுதான் படுது" என்றார்.

நான் திருநெல்வேலிக் கடற்கரையில் உவரிப் பக்கத்துக்காரி. கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அம்மா கரையில் ஏலம் எடுத்து, ஓலைப்பெட்டியில் அடுக்கி, திசையன்விளைப் பக்கம் ஊர் ஊராகச் சுமந்து விற்பார். பெட்டியில் வடியும் மீன்நெய் சும்மாட்டை நனைத்து முடியில் இறங்கிவிடும். சீயக்காய் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. அப்போது வந்த சாளை ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சாளை ஓரிடத்தில் நிற்கிற மீன் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடிக்கடலின் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து நுண்பாசி பெருகும். அதைத் தின்னக் கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வரும். முட்டையிடுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்தால்தான் சினை பிடிக்கும். ஆயுளே இரண்டு, இரண்டரை வருஷம். அதற்குள் ஒரு தடவையாவது முட்டையிட விட வேண்டாமா?

எங்கள் வள்ளக்காரர்கள் விடும் சாளை வலையில் கண்ணிக்குத் தக்க மீன்தான் செவுளில் மாட்டும், குஞ்சு நழுவிவிடும். சுருக்குமடி வலை அப்படி இல்லை, ஆச்சியின் சுருக்குப்பை மாதிரி. கூட்டத்தை வளைத்து அடிக்கயிற்றை இழுத்தால் பெருசும் சிறுசும் மொத்தமாக ஏறிவிடும். தமிழ்நாட்டில் அதை 2000-லேயே தடை செய்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. கரையை ஒட்டி வருகிற சாளை 12 மைலுக்கு அப்பால் வலையில் பட்டது என்று யாராவது சொன்னால் என்னால் நம்ப முடியாது.

கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி (நம் சாளையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்) கிடைத்தது. 2021-ல் 3,500 டன்கூட இல்லை. கடல் சூடானது ஒரு காரணம், குஞ்சை அள்ளியது இன்னொன்று. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று 2015-லேயே அங்கே விதி போட்டார்கள்.

நம் ஆட்களிடமும் தப்பு இருக்கிறது. குஞ்சு என்று தெரிந்தே ஏலம் கேட்கிறோம், மீன்மாவுக்கு லாரி ஏற்றுகிறோம். எடுக்க ஆள் இல்லாவிட்டால் யார் பிடிப்பார்கள்? கூட்டப்பனை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று ஒவ்வொரு ஏலக்கரையிலும் மீன்வளத்துறை ஆள் ஒருவர் அளவுகோலோடு நிற்க வேண்டும். குஞ்சு மீனை மாவுக்கு ஏற்றுவதைக் கரையிலேயே நிறுத்த வேண்டும்.

உங்கள் நிருபரும் ஒரு நாள் விடியற்காலையில், வள்ளம் கரை பிடிக்கிற நேரத்துக்கு, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உவரிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை