அப்பா ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லை, அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் பத்தாவது ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகையில் போடச் சொல்லி நீங்கள் எழுதி அனுப்பிய அறிவித்தலைப் பார்த்தேன். படம் நல்லாயிருக்கிறது. அதை எங்கே தேடிப் பிடித்தீர்களோ தெரியாது, எங்களிடம் இருந்த படமெல்லாம் இடம்பெயர்வோடு போய்விட்டது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் அப்பாவின் பெயருக்குக் கீழே "முன்னாள் புகையிரத நிலைய அதிபர், மாங்குளம்" என்று இருந்த வரியை வெட்டிவிட்டேன். "முன்னாள் புகையிரதப் பாதைத் தொழிலாளி, மாங்குளம்" என்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன். எடுக்கிறீர்கள் இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. அறிவித்தல் வந்ததும் எப்படியும் இங்கேயும் அங்கேயும் எல்லோரும் வாசிக்கப்போகிறார்கள், தங்கச்சிக்கு விசர் பிடித்துவிட்டது என்று கதை வரும், அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை, பிள்ளைகளின் பெயரையும் எழுதவில்லை. அண்ணியைப் பற்றி ஒரு சொல்லும் வராது, அண்ணி என்னை அங்கே தன் சொந்தத் தங்கச்சியாகத்தான் வைத்திருந்தார். உங்கள் சம்பந்தி வீட்டாரும் இதை வாசிக்கக்கூடும் என்று தெரியும். வாசித்தால், உங்கள் மருமகளின் தாத்தா நேர்மையான மனிசன், கடைசிவரை ஒருத்தரிடமும் கடன்படாதவர் என்பதையும் சேர்த்து வாசியுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கனடாவில் போன அந்தக் கோச்சிப் பயணத்துக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகக் கதைக்கவே இல்லை, அதனால் நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. மகளின் கலியாணம் முடிந்து எல்லோரும் களைத்துப் போயிருந்த நேரத்தில், "இவ்வளவு தூரம் வந்திட்டாய், மலையைப் பாக்காமல் போகக்கூடாது" என்று ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் பிளேனில் கூட்டிக்கொண்டு போய், ராக்கி மவுண்டனியர் என்ற ரயிலில் ஏற்றினீர்கள். ரிக்கற் விலையை நீங்கள் சொல்லவில்லை, பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், கேட்டு எனக்கு இரவு நித்திரை வரவில்லை. காலமை ஏறி, பகலில் மட்டும் ஓடி, இரவு கம்லூப்ஸில் ஹோட்டலில் படுத்து, அடுத்த நாள் பின்னேரம் பான்ஃபில் இறங்குகிற கோச்சி. ஒரு மலையும் இருட்டில் போய்விடக்கூடாது என்று இரவில் ஓடுவதில்லையாம். மேல்தட்டில் கூரை வரைக்கும் கண்ணாடி, சாப்பிட வளைந்த படியால் கீழே இறங்கவேண்டும், வெள்ளை மேசைத்துணி, பூ, ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மூன்று முள்ளுக்கரண்டி. எதை முதலில் எடுப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் வெளிப்பக்கக் கரண்டியை மெதுவாகத் தூக்கிக் காட்டினீர்கள். சின்ன வயதில் கோயிலில் எந்தக் கையால் திருநீறு வாங்குவது என்று காட்டித் தந்ததும் நீங்கள்தான். அந்த நேரம் எனக்கு உங்களில் வந்த அன்பை எழுதத் தெரியவில்லை.

முறிகண்டிக் கச்சான் சரையை நான் பையிலிருந்து எடுத்தபோது மட்டும், "உள்ள வை, இங்க கச்சான் ஒத்துக்கொள்ளாத ஆக்கள் இருப்பினம்" என்றீர்கள். அது சரியான காரணம்தான். சொன்ன விதம்தான் என்னவோ செய்தது.

ஹோப் என்ற ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை கிட்ட வந்தது. கீழே ஃபிரேசர் ஆறு, மண் கரைந்த நிறம். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கம்பனியின் லைன், அந்தக் கரையில் இன்னொரு கம்பனியின் லைன், சிஸ்கோ என்ற இடத்தில் இரண்டும் பாலம் போட்டுக் கரை மாறிக்கொள்கின்றன. எல்லோரும் மலையைப் படம் எடுத்தார்கள். நான் லைனைப் பார்த்தேன், வேறு எதைப் பார்ப்பேன்? மலைப்பக்கம் ஓரமாகக் கம்பி வேலி ஒன்று கூடவே வந்தது. மாட்டுக்குப் போட்ட வேலியாக்கும் என்று முதலில் நினைத்தேன். பரிமாறுகிற பிள்ளையிடம் கேட்டேன், மேலேயிருந்து கல் உருண்டு விழுந்தால் அந்தக் கம்பி அறும், அறுந்ததும் சிக்னல் சிவப்பாகிவிடும், வருகிற கோச்சி நிற்கும் என்றாள். கல் வந்து விழுகிற இடங்களில் லைனுக்கு மேலேயே கொங்கிறீற்றால் கூரை போட்டிருக்கிறார்கள், கல் கூரையில் விழுந்து ஆற்றுக்குப் போய்விடும். அப்பாவுக்கு இதைச் சொல்ல அவர் இல்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. மழைக்கு அரித்த இடத்தை ஒவ்வொரு மாரியிலும் கல் கொட்டி இடித்து இறுக்கின மனிசன், அந்தக் கம்பிக்காகவே இரண்டு நாள் கதைத்திருப்பார்.

ஹெல்ஸ் கேட் வந்தபோது நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். கோச்சியை மெதுவாக ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய ஆறு அந்த இடத்தில் 35 மீற்றருக்கு நெருங்குகிறது, தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லமுடியாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகிறது. மைக்கில் ஒரு பெடியன் கதை சொன்னான். 1914ல் இரண்டாவது லைன் போட்டபோது மலை சரிந்து ஆற்றை மேலும் அடைத்ததையும், முட்டை போட மேலே ஏறி வந்த சால்மன் மீன் ஏறமுடியாமல் திண்டாடியதையும், முப்பது வருடம் கழித்துத்தான் மீன் ஏறுவதற்கென்று கொங்கிறீற்றில் வழி கட்டியதையும் சொன்னான். முதல் லைன் போட 15,000க்கும் அதிகமான சீனத் தொழிலாளர் வந்ததைச் சொன்னான், நாளுக்கு ஒரு டொலர் சம்பளம், வெள்ளைக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. குறைந்தது 600 பேர் செத்ததாகக் கணக்கு. 1885ல் லைன் முடிந்தது, அதே வருடமே இனி வருகிற சீனர் ஆளுக்கு 50 டொலர் வரி கட்டவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எனக்கு முன்னால் தட்டில் சால்மன் இருந்தது. தோல் மொறுமொறுவென்று, பக்கத்தில் பச்சையாக ஏதோ ஒரு குழம்பு.

அப்போதுதான் எங்கள் மேசையில் இருந்த வயதான அவுஸ்திரேலியர் இரண்டு பேரில் அந்த அம்மா, உங்கள் நாட்டிலும் இப்படி ரயில் இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டு, எங்கள் அப்பாவே ஸ்ரேசன் மாஸ்ரர்தான், யாழ்தேவிக் கோச்சியை நிற்பாட்டி அனுப்பினவர் என்றீர்கள்.

கலியாண மேடையில் மைக்கில் அப்படிச் சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. அது பிள்ளையின் நாள். சம்பந்தம் பேசும்போது ஏற்கெனவே சொன்ன கதையாக இருக்கும், அதை நான் ஏன் குழப்பவேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் இந்த வயதானவர்கள் இரண்டு பேரும் யார் அண்ணா? பான்ஃபில் இறங்கினால் வாழ்க்கையில் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்களிடம்கூட அப்பாவை அப்பாவாகச் சொல்ல முடியாதா உங்களுக்கு? அதுவும் ஒரு லைனில் வேலை செய்து செத்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நிமிடத்தில்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லை, அப்பா லைனில் வேலை, சுத்தியலோடு நடக்கிற ஆள் என்று. மேசைத்துணிக்குக் கீழே நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நான் திரும்பவும் சொன்னேன். நீங்கள் அவர்களைப் பார்த்து, தங்கச்சிக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, மாறிச் சொல்லுகிறாள் என்றீர்கள். அவர்கள் பாவம், தலையாட்டினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழும்பிப் போனேன். பின்னால் திறந்த தட்டு இருக்கிறதே, அங்கே போய் நின்றேன், பள்ளத்தாக்குக் காற்று காதை அடைத்தது. சாப்பாட்டின் நடுவில் எழும்பியது உங்களுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று தெரியும். உங்கள் கண் கலங்கியதைப் படியேறும்போது பார்த்தேன். அது எனக்கு வலிக்கிறது, இப்போதும் வலிக்கிறது, மன்னியுங்கள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன். மன்னிப்பும் இதுவும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, இரண்டும் நிற்கிறது.

இரவு கம்லூப்ஸில் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டி, "அந்தக் கச்சானைத் தா" என்று வாங்கி, கட்டிலில் இருந்து கோதை உடைத்து உடைத்துச் சாப்பிட்டீர்கள். ஒன்றும் கதைக்கவில்லை. முடித்துவிட்டு, அப்பா கடைசியில் என்ன கேட்டார் என்று கேட்டீர்கள். பிளேன்ரீ கேட்டார் என்று சொன்னேன். அது உண்மைதான். மிச்சத்தை அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் வெளிநாடு போன பிறகு நடந்தது என்பதால், உங்களுக்குத் தெரியாததை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

1990 ஆனிக்குப் பிறகு இந்தப் பக்கம் கோச்சி இல்லாமல் போனதும் அப்பா விடவில்லை. காலமையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் லைனில் நடப்பார், பற்றை வெட்டுவார், ஆணி தட்டுவார். கேட்பார் ஒருத்தரும் இல்லை. அப்புறம் தண்டவாளம் கழன்றது, அதற்குக் கீழே குறுக்கே கிடந்த சிலிப்பர் கட்டைகளும் போயின. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன், வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அயலில் பல பங்கர்களுக்கு மேலே சிலிப்பர் கட்டைதான். எங்கள் பங்கருக்கு அப்பா பனங்குற்றி போட்டார். செல்லடி கூடக் கூட அம்மா ஒவ்வொரு இரவும் சண்டை, பிள்ளையைச் சாகக் கொடுக்கப்போகிறாயா என்று. ஒருநாள் பின்னேரம் அப்பாவும் மாமாவும் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்கள். அப்பா குந்தியிருந்து ஆணி இருந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டுவிட்டுப் பார்த்தார். தான் போட்ட கட்டை என்றார். பிறகு எழும்பி, மண்வெட்டியை எடுத்து, பனங்குற்றியை நகர்த்தி அதை மேலே வைத்தார். அந்தக் கட்டைக்குக் கீழே இருந்துதான் நாங்கள் பலமுறை தப்பினோம். 2008க்குப் பிறகு எங்கெங்கே போனோம், எப்படி வந்தோம் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

2013 செப்டம்பரில் கிளிநொச்சி வரைக்கும் கோச்சி திரும்பி வந்தபோது அப்பாவை மாங்குளம் ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சனம் என்ஜினைப் பார்த்துக் கைதட்டியது. அப்பா பிளாட்போம் ஓரத்துக்குப் போய்க் குனிந்து கீழே பார்த்தார். எல்லாம் கொங்கிறீற் சிலிப்பர். "இதைக் கறையான் தின்னாது" என்றார், எவ்வளவு சந்தோசமாகச் சொன்னார் தெரியுமா. கமராவோடு வந்தவர்கள் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள், அப்பாவை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

இரண்டாம் நாள் கிரெய்கெலாச்சியைக் கடந்தபோது, 1885 நவம்பர் 7ந் திகதி கடைசி ஆணி அடித்த இடம் என்று காட்டினார்களே, அந்தப் பிரபலமான படத்தில் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள் நடுவில் நிற்கிறார்கள், சீனத் தொழிலாளர் ஒருத்தர்கூட இல்லையாம். நீங்கள் அப்போது நித்திரை, அல்லது கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். ஆணி அடித்தவரை நான் ஒரு அறிவித்தலிலாவது ஆணி அடித்தவராகப் போடவேண்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன்.

நீங்கள் அனுப்பிய காசில்தான் அப்பாவுக்கு மருந்து வாங்கினோம், இந்த வீட்டுக்கு ஓடும் போட்டோம். இல்லையென்று எந்த இடத்திலும் சொல்லமாட்டேன். செத்தவீட்டுக்கு வராததற்குக் காரணம் இருந்தது, அதையும் பொதுவில் சொல்லமாட்டேன். ஆனால் வீடியோவில் "கமராவை இன்னும் கிட்டக் கொண்டுபோ, கிட்டக் கொண்டுபோ" என்று நீங்கள் கத்த, ஒரு கையில் ஃபோனும் மற்றக் கையில் அம்மாவுமாக நின்றது நான். அவ்வளவு காலமும் அவரோடு நடந்தது நான். அவர் யார் என்று சொல்லுகிற உரிமையில் எனக்குப் பாதியாவது இல்லையா?

நீங்கள் ஏன் அப்படிச் சொல்லத் தொடங்கினீர்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். போய் இறங்கியபோது அங்கே உங்களை ஒருத்தரும் மதித்திருக்கமாட்டார்கள். கோப்பை கழுவிய காலத்தில் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள், பிறகு நிற்பாட்ட வழியில்லாமல் போயிருக்கும். எனக்கு அது விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை.

அறிவித்தல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகள் என்ற இடத்தில் உங்கள் பெயர் முதலாவதாக இருக்கிறது, என்னுடையது அடுத்தது. அந்த வரிக்குக் கீழே உங்கள் பெயர் வேண்டாம் என்றால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள், எடுக்கச் சொல்லுகிறேன். ஒன்றும் சொல்லாவிட்டால் பெயர் நிற்கும். திவசத்துக்கு மரக்கறிச் சமையல் மாமி வீட்டில், ஐயருக்குச் சொல்லியாயிற்று, இந்தமுறை நேரில் வர ஏலுமென்றால் முதல்நாளே வாருங்கள், கொழும்பிலிருந்து கோச்சியில் வந்தால் ஸ்ரேசனுக்கு நான் வந்து நிற்பேன்.

உங்கள் தங்கச்சி
மாங்குளம்