தங்கச்சிக்கு: அந்தப் பொண்ணுல இருந்து ஆரம்பி

அன்பு தங்கச்சிக்கு,

கல்வியியல்ல மேல்படிப்புக்கு அப்ளை பண்ண நீ எழுதி அனுப்பின ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், அதான் ஏன் படிக்க வர்றேன்னு சொல்ற கட்டுரை, நேத்து ராத்திரியே படிச்சுட்டேன், காலைல எழுந்து இன்னொரு தடவையும் படிச்சேன். போன்லயே சொல்லிருக்கலாம், ஆனா போன்ல சொன்னா "சரிக்கா சரிக்கா"ன்னுட்டு வச்சிருவ, அதான் உக்காந்து எழுதுறேன். உன்ன மாதிரி ஏழெட்டு வருஷம் கிளாஸ்ல நின்னுட்டு, திரும்பப் படிக்கப் போலாமான்னு யோசிக்கிற வேற யாருக்காவது உதவினா அதுவும் நல்லதுதான்னு எல்லாரும் படிக்கற மாதிரியே போடுறேன்.

நேராவே சொல்லிடுறேன். இந்த டிராஃப்ட்ல நீ இல்ல. கல்விதான் சமுதாயத்தோட அஸ்திவாரம்னு ஆரம்பிக்குது, சின்ன வயசுல இருந்தே டீச்சர் ஆகணும்னு ஆசைன்னு போகுது, கல்வி முறைய மாத்தணும்னு முடியுது. மனசாரத்தான் எழுதிருக்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இதுல உன் பேர அடிச்சுட்டு வேற யார் பேர எழுதினாலும் பொருந்தும். அப்ளிகேஷன் படிக்கறவங்க கைல இதே மாதிரி கட்டுக்கட்டா இருக்கும்.

போன மாசம் நீ சொன்னியே, ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திய பத்தி. 0.6 பெருசா 0.45 பெருசான்னு கேட்டா 0.45ங்கறா, ஏன்னா 6ஐ விட 45 பெருசாம். சரி, தசமமே புரியல போலன்னு விட்டுட்டு, 0.6 மீட்டர் கயிறு ஒண்ணு, 0.45 மீட்டர் கயிறு ஒண்ணு, எது நீளம்னு நீ கேட்டப்போ யோசிக்காம 0.6னு சொல்லிட்டா. அதே பொண்ணு, அதே பீரியட், அதே ரெண்டு நம்பர். "எப்படிக்கா இது?"ன்னு கேட்ட பாரு, அப்போ உன் குரல்ல இருந்த பரபரப்பு இந்த ரெண்டு பக்கத்துல எங்கயுமே இல்ல. அத எழுது. மொத வரிலயே அந்தப் பொண்ணு வரட்டும்.

இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, நான் மொத தடவ அப்ளை பண்ணப்போ எழுதினதும் கிட்டத்தட்ட உன்னோடது மாதிரிதான். எல்லா இடத்துலயும் இல்லன்னுட்டாங்க. அந்த வருஷம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நமக்கெல்லாம் இது ஒத்து வராதுன்னே முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருஷம் என் கூட வேலை பார்த்த ஒரு சீனியர் டீச்சர்தான், "நீ எப்பவும் ஒரு கழித்தல் கணக்கு பையனப் பத்தி பேசுவியே, அத எழுது"ன்னாங்க. 42ல இருந்து 17ஐக் கழிக்கச் சொன்னா 35னு எழுதுவான் அந்தப் பையன். 61ல 38ன்னா 37. நான் ரெண்டு மாசம் தப்பு தப்புன்னு சிவப்பு மைல அடிச்சுத் தள்ளிருக்கேன், கவனக்குறைவுன்னு டைரில எழுதி அனுப்பிருக்கேன். அப்புறம் ஒருநாள் அவன் நோட்ட நிதானமா பார்த்தப்பதான் தெரிஞ்சுச்சு, அவன் கவனமில்லாம எல்லாம் போடல, ஒரு விதி வச்சிருக்கான். மேல இருக்கோ கீழ இருக்கோ, ஒவ்வொரு இடத்துலயும் பெரிய எண்ல இருந்து சின்ன எண்ணக் கழிக்கிறான். அந்த விதிப்படி பார்த்தா அவன் ஒரு கணக்கு கூட தப்பா போடல. சின்னதுல இருந்து பெருச கழிக்க முடியாதுன்னு கீழ் கிளாஸ்ல யாரோ சொல்லிருக்காங்க, ஒருவேளை நானே கூட சொல்லிருக்கலாம், அத அவன் நம்பிட்டான்.

இடம் கிடைச்சு படிக்க உள்ள போன பிறகுதான் தெரிஞ்சுது, ஜான் சீலி ப்ரௌன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் 1978லயே இத ஆராய்ச்சியா எழுதிருக்காங்க. கம்ப்யூட்டர் புரோகிராம்ல பக், அதாவது பிழை, இருக்கற மாதிரி, குழந்தைங்க போடற கழித்தல் தப்புக்குப் பின்னாடியும் ஒரு ஒழுங்கான வழிமுறை இருக்குன்னு வகை வகையா பிரிச்சுக் காட்டிருக்காங்க, அதுல என் கிளாஸ் பையனோட விதியும் இருந்துச்சு. லைப்ரரில உக்காந்து அத படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நான் அவனுக்கு எழுதின "கவனக்குறைவு" எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

உன் தசமப் பொண்ணும் இப்படித்தான், புள்ளிக்கு அப்புறம் வர்றத முழு எண் மாதிரி படிக்கிறா. இத பத்தியும் நிறைய பேர் எழுதிருக்காங்க. ஆனா அளவுன்னு வந்ததும் ஏன் சரியா சொல்றா, கயிறுல இருக்கற அறிவு ஏன் வெறும் நம்பருக்கு வர மாட்டேங்குது? அங்கதான் உன் கேள்வி இருக்கு. அத ஸ்டேட்மென்ட்லயே தீர்க்கணும்னு நினைக்காத, தீர்வு தெரிஞ்சா எதுக்கு படிக்கப் போகணும். எனக்கு இவ்ளோ தெரியுது, இதுக்கு மேல தெரியல, தெரிஞ்சுக்க இவங்ககிட்ட படிக்கணும். அவ்ளோதான்.

அந்த "இவங்ககிட்ட"ங்கறத மட்டும் அவசரப்பட்டு எழுதிடாத. பெரிய பேரா பார்த்து லிஸ்ட் போட்ருக்க, புரியுது, யாருக்கும் அந்த ஆசை இருக்கும். ஆனா ஒரே கட்டடத்துக்குள்ளயே கொள்கை படிக்கறவங்க, பள்ளி நிர்வாகம் படிக்கறவங்க, உளவியல் படிக்கறவங்கன்னு தனித்தனி உலகமா இருக்கும். கணக்குல குழந்தைங்க யோசிக்கிற விதத்த ஆராய்ச்சி பண்ற ஒருத்தர் கூட இல்லாத இடத்துக்கு நீ போயி என்ன பண்ணுவ? அஞ்சாறு பேரோட கட்டுரைகள எடுத்து ஒழுங்கா படி, முன்னுரைய மட்டும் இல்ல, அவங்க என்ன செஞ்சாங்கங்கற பகுதியையும் படி. படிக்கறப்போ உனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வந்தா அது சரியான ஆளு. அவங்களுக்கு சுருக்கமா ஒரு மெயில் போடு, இந்த வருஷம் ஸ்டூடன்ட்ஸ் எடுக்கறாங்களான்னு மட்டும் கேளு.

எந்த டிகிரிங்கற குழப்பம் வேற இருக்கு உனக்கு. மாஸ்டர்ஸ் நிறைய இடத்துல ஒரு வருஷம்தான், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், பெரும்பாலும் நம்ம கைக்காசு. பிஎச்டி நாலஞ்சு வருஷம், சில பேருக்கு அதுக்கும் மேல, ஆனா உதவித்தொகையோட எடுக்கற இடங்கள் உண்டு. எட்.டி.ங்கறது கல்விக்குன்னே உள்ள டாக்டர் பட்டம், இப்போ அதிகமா தலைமை ஆசிரியரா, நிர்வாகியா இருக்கறவங்க தன் வேலைல இருக்கற பிரச்சனைய வச்சே படிக்கறதுக்கானது. ஹார்வர்டுல 1920ல கல்விக்குன்னு தனிப் பள்ளி ஆரம்பிச்சப்போ டாக்டர் பட்டமா குடுத்ததே எட்.டி.தான், அதனால பேர வச்சு உசத்தி தாழ்த்தி பார்க்காத. என் கருத்து கேட்டா, நீ மொதல்ல மாஸ்டர்ஸ் போ. ஆராய்ச்சி உனக்கு பிடிக்குதான்னு உனக்கே இன்னும் தெரியாது, பிடிச்சா மேல போலாம். கடைசி தேதி பொதுவா டாக்டரேட்டுக்கு டிசம்பர் வாக்குல, மாஸ்டர்ஸுக்கு ஜனவரி வாக்குல வரும், ஜிஆர்ஈங்கற நுழைவுத் தேர்வு வேணுமா வேணாமாங்கறது இடத்துக்கு இடம் மாறுது, ஒவ்வொண்ணையும் அவங்க வெப்சைட்ல போயி நீயே பார்த்துக்கோ.

சிபாரிசுக் கடிதத்துக்கு பெரிய பதவில இருக்கறவங்கள தேடாத. உன் கிளாஸ்ல வந்து பின் பெஞ்சுல உக்காந்து பார்த்தவங்க யாரோ அவங்ககிட்ட கேளு. குறைஞ்சது ஒன்றரை மாசம் முன்னாடியே கேளு, அந்த தசம விஷயத்தையும் அவங்களுக்கு எழுதிக் குடு.

இனி உள்ள போன பிறகு என்னன்னு சொல்றேன், ஏன்னா இத எனக்கு யாரும் சொல்லல.

மொத ரெண்டு மாசம் நீ வாயே திறக்க மாட்ட. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க ஒருத்தர் தலைமை ஆசிரியரா இருந்தவர், ஒருத்தர் சாஃப்ட்வேர்ல இருந்து வந்தவர், இன்னொருத்தர் கிளாஸ்ல ஒருநாள் கூட நின்னதே இல்ல ஆனா தத்துவம் எல்லாம் சரளமா பேசுவார். வாரத்துக்கு நூத்துக்கணக்குல பக்கம் படிக்கச் சொல்லுவாங்க. எல்லா வரியையும் படிக்கணும்னு உக்காந்தா முடியவே முடியாது, ஒவ்வொரு கட்டுரையும் என்ன கேள்வி கேக்குது, எத வச்சு பதில் சொல்லுது, எங்க எனக்கு நம்பிக்கை வரல, இந்த மூணையும் நாலு வரில எழுதி வச்சுட்டு கிளாஸுக்கு போ. நான் இத கண்டுபிடிக்க ஒரு செமஸ்டர் ஆச்சு.

நம்ம அனுபவத்துக்கு அங்க மதிப்பு இருக்கு, ஆனா அனுபவத்தையே ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்க. அது ஆரம்பத்துல வலிக்கும். "என் கிளாஸ்ல இப்படித்தான் நடந்துச்சு"ன்னா, "எப்படித் தெரியும்?"னு கேப்பாங்க. டான் லார்ட்டின்னு ஒரு சமூகவியலாளர் 1975ல எழுதினார், டீச்சர் ஆகறவங்க பள்ளிக்கூடம் முடிக்கறதுக்குள்ளயே சுமார் 13,000 மணி நேரம் மத்த டீச்சர்கள பார்த்துட்டு வந்துடறாங்க, ஆனா பார்த்தது மாணவர் பெஞ்சுல இருந்து மட்டும்தான், டீச்சர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு தெரியாதுன்னு. நானும் அப்படித்தான், எனக்கு கணக்கு எடுத்த டீச்சர மாதிரியே பத்து வருஷம் எடுத்துட்டிருந்தேன், அது என் சொந்த ஸ்டைல்னு வேற நினைச்சுட்டிருந்தேன்.

அத உடைச்சது ஒரு அசைன்மென்ட். சொந்தமா எடுத்த பாடத்துல பத்து நிமிஷத்த ரெக்கார்ட் பண்ணி, ஒரு வார்த்தை விடாம எழுதணும், மௌனம் எத்தன செகண்ட்னு அடைப்புக்குறிக்குள்ள போடணும். பத்து நிமிஷத்த எழுத எனக்கு ஒரு முழு நாள் போச்சு. ஹெட்போன மாட்டிட்டு பின்னாடி பின்னாடி ஓட்டி கேக்கறேன். "இத ஏன் கடன் வாங்குறோம்?" (0.8) "ஏன்னா ரெண்டுல இருந்து ஏழு போகாது, இல்லியா?" கேள்விய நானே கேட்டு நானே பதில் சொல்லிருக்கேன். அடுத்த கேள்வி (0.6), அடுத்தது (1.1). பக்கம் முழுக்க இப்படி. நடுவுல ஒரு இடத்துல சின்னக் குரல்ல ஒரு குழந்தை "டீச்சர், ஆனா..."ன்னு ஆரம்பிக்குது, நான் அது மேலயே பேசிட்டுப் போயிருக்கேன். அது யாருன்னு எத்தன தடவ கேட்டும் கண்டுபிடிக்க முடியல. இன்னிக்கும் அந்தக் குரல் காதுல இருக்கு.

மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்ல இத அளந்தே காட்டிருக்காங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சர்கள் சராசரியா ஒரு செகண்ட் அளவுதான் காத்திருக்காங்க, அத மூணு செகண்டுக்கு மேல கொண்டு போனா குழந்தைங்க நீளமா பதில் சொல்றாங்க, சும்மா இருந்த குழந்தைங்களும் பேச ஆரம்பிக்கறாங்கன்னு. படிச்சா சின்ன விஷயமா இருக்கும். என் டேப்ப கேட்ட பிறகு எனக்கு அது சின்ன விஷயமா இல்ல.

ஒண்ணு மட்டும் என்ன மாதிரி பண்ணிடாத. குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணணும்னா நெறிமுறைக் குழுவோட அனுமதி முன்னாடியே வாங்கணும், பெத்தவங்க சம்மதம் தனி, குழந்தையோட சம்மதமும் தனி, அது வேணாம்னா வேணாம்தான். அனுமதி எப்படியும் வந்துடும்னு நினைச்சு நான் மூணு வாரம் முன்னாடியே ரெக்கார்டிங் ஆரம்பிச்சுட்டேன். அந்த மூணு வாரத்து டேட்டா ஒண்ணையும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. அழுதேன். ஆனா அவங்க சொன்னது சரி, குழந்தைகிட்ட கேக்காம அது தடுமாறுறத நான் எடுத்து கட்டுரையா எழுதறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு?

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நினைச்சு பயப்படற, வேணாம். நீ கணக்கு டீச்சர். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஆரம்பிச்ச ஆய்வு ஒண்ண கட்டாயம் படிக்க வைப்பாங்க, சின்ன வகுப்புல 13ல இருந்து 17 பேர், வழக்கமான வகுப்புல 22ல இருந்து 25 பேர், யாருக்கு எதுங்கறத குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க, சின்ன வகுப்புக் குழந்தைங்க நல்லா படிச்சாங்க. அப்புறம் 1996ல கலிபோர்னியா மாநிலம் முழுக்க ஒரே மூச்சுல வகுப்ப சின்னதாக்கினாங்க, அத்தன வகுப்புக்கும் டீச்சர் வேணுமே, தகுதி முழுசா இல்லாதவங்களையும் நிறைய எடுக்க வேண்டியதாச்சு, பலன் அவ்ளோ தெளிவா தெரியல. இத படிச்ச அன்னிக்குத்தான் புள்ளியியல் ஏன் வேணும்னும் அது மட்டும் ஏன் போதாதுன்னும் எனக்கு ஒரே நேரத்துல புரிஞ்சுது.

கிளாஸ் பசங்கள விட்டுட்டு போறோமேங்கற குற்ற உணர்ச்சிய பத்தி ரெண்டு தடவ கேட்ட. எனக்கும் இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு, அது போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். வருஷ நடுவுல விட்டுட்டு மட்டும் போகாத, அந்த செட்ட முடிச்சுக் குடுத்துட்டு கிளம்பு.

இப்போ டிராஃப்ட்ட மூடி வை. நாளைக்கு அந்தப் பொண்ண கூப்பிட்டு, கயிறு விஷயத்துல 0.6தான் நீளம்னு எப்படிம்மா கண்டுபிடிச்சன்னு கேளு. கேட்டுட்டு நீ பேசாத, மூணு செகண்ட் மனசுக்குள்ள எண்ணு, வேணும்னா அஞ்சா எண்ணு. அவ என்ன சொல்றாளோ அத திருத்தாம அப்படியே அவ வார்த்தைலயே எழுதி எனக்கு அனுப்பு. ஸ்டேட்மென்ட் அதுக்கு அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா