குடும்ப எழுத்து மாலை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி நாள்களில் கவிதையும் கதையுமாக எழுதிக் குவித்துவிட்டு, வேலை, பிள்ளைகள் என்றான பின் மளிகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் எழுதாமல் போன நம்மில் பலர், வீட்டாருடன் அமர்ந்து மீண்டும் எழுதிப் படிக்கும் பொருட்டு, ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் கூடுகிறோம்.

1. வீட்டுக்கு ஒரு படைப்பு, கையெழுத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதியதாக இருப்பின் இன்னும் நன்று.
2. பொருள் உங்கள் விருப்பம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூரில் வாழ்கிறோம் என்பதற்காக எல்லாரும் நெல்லிக்கனியையே எழுத வேண்டாம். வீட்டில் களி கிண்டும் துடுப்பைப் பற்றியும் எழுதலாம்.
3. பழைய நோட்டுகள் பரணில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

வருவோர் எண்ணிக்கையை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இக்குழுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.